ஊசியிலைச் சதுப்புக் காடு: முதல் தடவை உள்ள போறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

வட அமெரிக்கால கிரேட் லேக்ஸ் ஏரிகளைச் சுத்தி, அதாவது மின்னசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன், எல்லை தாண்டினா ஒன்டாரியோ, இந்தப் பக்கமெல்லாம் கார்ல வடக்க போகப் போக ரோட்டோரத்துல கருகருன்னு ஒரு காடு வர ஆரம்பிக்கும். மரமெல்லாம் ஒல்லி ஒல்லியா, ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு, அடியில டீ கலர்ல தண்ணி நிக்கும். முக்கால்வாசிப் பேர் அதை சேறு, கொசு, அவ்ளோதான்னு நினைச்சு தாண்டிப் போயிடுறாங்க. எனக்கு அது ரொம்ப வருத்தம். செடி வகை நெருக்கமா வாழுற இடங்கள்ல இதுவும் ஒண்ணு, சில இடத்துல ஒரு மேஜை அகலத்துக்குள்ள இருபது வகை எண்ணிடலாம், ஆனா யாராவது கூட நின்னு எப்படிப் பாக்கணும்னு சொல்லித் தரலைன்னா கண்ணுல எதுவும் படாது. அதுக்குத்தான் இதை எழுதுறேன்.

பேரை முதல்ல தெளிவு பண்ணிக்கலாம், ஏன்னா புதுசா வர்றவங்க இங்கதான் குழம்புறாங்க. ஸ்வாம்ப், பாக், ஃபென்னு மூணு வார்த்தை காதுல விழும். மரம் நல்லா மூடி நிக்கிற ஈர நிலம் ஸ்வாம்ப். மழைத் தண்ணிய மட்டுமே நம்பி வாழுற பீட் நிலம் பாக். நிலத்தடித் தண்ணி ஊறி வர்ற, பெரும்பாலும் திறந்த வெளியா இருக்கிற பீட் நிலம் ஃபென். நெஜத்துல இது மூணும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்து கெடக்கும், நூறு அடி நடந்தா மூணையும் பாத்துடலாம், அதனால கோடு போட்டுப் பிரிக்கணும்னு கவலைப்பட வேணாம். பீட்னா என்னன்னு கேட்டா, செத்துப்போன பாசியும் இலையும் வேரும் தண்ணிக்குள்ள காத்து படாம அழுகி முடிக்காம அடுக்கடுக்கா தேங்கிப்போன மண். வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கூட பெரும்பாலும் ஏறாது. சுமார் 10,000 வருஷத்துக்கு முன்னாடி பனிப்பாறைகள் பின்வாங்கினப்போ விட்டுட்டுப் போன பள்ளங்கள்லயும் பழைய ஏரிப் படுகைகள்லயும்தான் இது எல்லாம் ஆரம்பிச்சுது. தெக்க போனா பால்டு சைப்ரஸ், அட்லாண்டிக் வைட் சீடர் மரங்களோட வேற மாதிரி ஊசியிலைச் சதுப்பு இருக்கு, அதுக்கு தனியா எழுதணும், இங்க வடக்கு மட்டும்தான்.

போறதுக்கு முன்னாடி

முதல் தடவை தயவுசெஞ்சு மரப்பலகை நடைபாதை இருக்கிற இடத்துக்குப் போங்க. மின்னசோட்டால லேக் பெமிட்ஜி ஸ்டேட் பார்க், வாஸ்கிஷ் பக்கத்துல பிக் பாக் (அங்க ஒரு மைல் நீளத்துக்குப் பலகை போட்டிருக்காங்க), விஸ்கான்சின்ல பெய்லீஸ் ஹார்பர்ல 1937லேருந்து இருக்கிற ரிட்ஜஸ் சரணாலயம், ஒன்டாரியோல பர்டன் பாதுகாப்புப் பகுதி, இதெல்லாம் நல்ல இடங்கள். பலகை மேல நடந்தா பாசியும் மிதிபடாது, உங்க காலும் போகாது. நான் முதல் தடவை பலகையை விட்டு இறங்கி ஒரு பச்சைப் பள்ளத்துல கால வச்சேன், தொடை வரைக்கும் போச்சு, ஒரு பூட்ஸ் உள்ளயே மாட்டிக்கிச்சு, கூட வந்தவர் தோளைப் பிடிச்சுத் தூக்கலைன்னா ரொம்ப நேரம் ஆகியிருக்கும், அது ஜூன் மாசம், தண்ணி ஐஸ் மாதிரி இருந்துது. அதனால தனியா போகாதீங்க. இதுக்கு அப்புறம் பலகை இல்லாத இடத்துக்குப் போனா முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், கையில ஒரு குச்சி, காம்பஸ் அல்லது ஜிபிஎஸ் கண்டிப்பா வேணும். இந்தக் காட்டுக்குள்ள எந்தத் திசையில பாத்தாலும் ஒரே மாதிரி இருக்கும், சூரியனும் சரியா தெரியாது, ரோட்டுலேருந்து இருநூறு அடியிலயே வழி தப்பினவங்களை எனக்குத் தெரியும்.

கொசுவும் கருப்பு ஈயும் மே கடைசிலேருந்து ஜூலை வரைக்கும் உக்கிரமா இருக்கும், தலைக்கு வலை வாங்கிக்கோங்க. டிக் (ரத்தம் குடிக்கிற உண்ணி) இருக்கும், பேன்ட்டை சாக்ஸுக்குள்ள சொருகிடுங்க, வீட்டுக்கு வந்ததும் உடம்பு முழுக்க செக் பண்ணுங்க. தெற்கு மிச்சிகன் மாதிரி இடத்து டாமரேக் மரம் (பின்னாடி சொல்றேன்) நிக்கிற சதுப்புகள்ல பாய்சன் சூமாக்னு ஒரு புதர் இருக்கு, காம்பு சிவப்பா, ஒரு காம்புல 7லேருந்து 13 சிற்றிலை, வெள்ளைக் காய் தொங்கும், பட்டா தோல் கொப்புளிச்சுடும். எது என்னன்னு தெரியாத புதரை கைப்பிடியா பிடிக்கக் கூடாது, இதுதான் விதி. கூட ஒரு பத்து மடங்கு லென்ஸ் எடுத்துக்கோங்க, பைனாகுலர்ஸை விட அதுதான் இங்க உதவும்.

முதல் படி: தண்ணியைப் பாருங்க

எல்லாரும் உள்ள போனதும் மரத்தை அண்ணாந்து பாப்பாங்க. நீங்க குனிஞ்சு தண்ணியைப் பாருங்க. என்ன மரம், என்ன பாசி, என்ன பூ, எல்லாத்துக்கும் பதில் ஒரே கேள்வில இருக்கு: இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?

மழையா மட்டும் விழுந்து தேங்கின தண்ணில சத்துன்னு சொல்ல ஒண்ணும் இருக்காது, கால்சியம் கிடையாது, அமிலம் அதிகம், பிஹெச் (அமிலத்தை அளக்கிற எண், 7க்குக் கீழ போகப் போக அமிலம் அதிகம்) 4க்குப் பக்கத்துல இருக்கும். நிலத்துக்கு அடியில சுண்ணாம்புப் பாறை, பனிப்பாறை விட்ட சரளைக் கல்லு இதுக்கு நடுவுல ஊடுருவி, பக்கத்து மேட்டோட அடிவாரத்துல ஊத்தா வெளிய வர்ற தண்ணி வேற மாதிரி. அதுல தாது உப்பு கரைஞ்சிருக்கும், பிஹெச் 6, 7, சில இடத்துல அதுக்கும் மேல. ஒரு ஏக்கருக்குள்ளயே இந்த ரெண்டும் இருக்கலாம். ஒரு பாக்கெட் பிஹெச் பட்டை வாங்கிட்டுப் போய் மேட்டு ஓரத்துல ஒண்ணு, நடுவுல ஒண்ணு நனைச்சுப் பாருங்க, கலர் மாறி நிக்கிறதைப் பாத்த அப்புறம் இந்தக் காடு உங்களுக்கு வேற மாதிரி தெரியும்.

பட்டை இல்லைன்னாலும் செடி சொல்லிடும். மே மாசம் மஞ்சள் மஞ்சளா மார்ஷ் மேரிகோல்டு பூத்திருந்தா அங்க நிலத்தடித் தண்ணி ஓடிட்டு இருக்குன்னு எடுத்துக்கலாம். தண்ணி அசையுதா தேங்குதான்னும் பாருங்க, ஒரு காய்ஞ்ச ஊசியிலையை மேல போட்டுட்டு ரெண்டு நிமிஷம் காத்திருந்தா தெரிஞ்சிடும். ஓடுற தண்ணி கொஞ்சம் ஆக்சிஜனையும் கொண்டு வரும், வேருக்கு மூச்சு கிடைக்கும், அங்க மரம் தடியா வளரும். தேங்கின தண்ணில மரம் நூறு வருஷம் ஆனாலும் மணிக்கட்டு தடிமன்லயே நிக்கும்.

இரண்டாவது படி: பாசியைத் தொடுங்க

இங்க பாசின்னு சொன்னா ஸ்பாக்னம்தான் ராஜா. பலகை ஓரத்துலேருந்து ஒரே ஒரு இழையை எடுத்து கையில வச்சுப் பாருங்க, மொத்தமா பிடுங்காதீங்க. உச்சில சின்ன நட்சத்திரம் மாதிரி கொத்தா இருக்கும், கீழ போகப் போக பச்சை மங்கி பழுப்பாகி செத்துப்போயிருக்கும், செடி மேல வளர்ந்துகிட்டே கீழ செத்துகிட்டே வருது. இப்போ ரெண்டு விரலால பிழிங்க. தண்ணி மணிக்கட்டு வரைக்கும் வழியும், பிழிஞ்சு முடிச்ச அப்புறம் கையில மிஞ்சுறது பஞ்சுத் துணுக்கு அளவுதான். தன்னோட காய்ஞ்ச எடையைப் போல இருபது மடங்கு வரைக்கும் தண்ணி பிடிக்கும் இது. லென்ஸ்ல இலையைப் பாத்தா ஏன்னு தெரியும், பச்சை செல்லுங்க மெல்லிசா வலை மாதிரி ஓட, நடுவுல பெரிய பெரிய காலி செல்லுங்க கண்ணாடி மாதிரி இருக்கும், அந்த காலி அறைங்கதான் தண்ணித் தொட்டி. முதல் உலகப் போர்ல காயத்துக்குக் கட்டுப் போட இந்தப் பாசியைத்தான் டன் கணக்குல பயன்படுத்தினாங்க, உறிஞ்சவும் செய்யும், அமிலத்தால கிருமி வளரவும் விடாது.

அந்த அமிலம்தான் விஷயமே. ஸ்பாக்னம் தண்ணில இருக்கிற கால்சியம், மெக்னீசியம் மாதிரி கொஞ்ச நஞ்ச சத்தைப் பிடிச்சு வச்சுகிட்டு பதிலுக்கு ஹைட்ரஜன் அயனை வெளிய விடும், அதனால சுத்தி இருக்கிற தண்ணி இன்னும் புளிக்கும், வேற செடிங்களுக்கு கஷ்டமாகும், அழுகல் இன்னும் மெதுவாகும், பீட் இன்னும் சேரும், மழைத் தண்ணியை நம்புற உயரத்துக்கு நிலம் மெதுவா ஏறிடும். ஒரு சின்னப் பாசி நிலத்தையே தனக்கு ஏத்த மாதிரி மாத்துது, எத்தனை தடவை நினைச்சாலும் எனக்கு ஆச்சரியம் குறையல. உலகத்துல நிலப்பரப்புல 3 சதவீதம்தான் பீட் நிலம், ஆனா மண்ணுல இருக்கிற கார்பன்ல மூணுல ஒரு பங்கு கிட்ட அதுக்குள்ளதான் அடைஞ்சிருக்கு.

சிவப்பா இருக்கிற ஸ்பாக்னம், பழுப்பா மேட்டு உச்சில இருக்கிறது, பள்ளத்துல பச்சையா தண்ணில மிதக்கிறது, இதெல்லாம் வேற வேற இனம். பேரு தெரியணும்னு அவசியம் இல்ல, நிறம் மாறுனா தண்ணி மட்டம் மாறுதுன்னு மட்டும் கவனிச்சா போதும். மரத்தடியில கொஞ்சம் காஞ்ச இடத்துல இறகு மாதிரி இன்னொரு பாசி இருக்கும், படி படியா அடுக்கி வளர்ந்திருந்தா அது ஹைலோகோமியம், வருஷத்துக்கு ஒரு படி.

மூன்றாவது படி: மரத்தைப் பிரிச்சு அறியுங்க

நாலே மரம் தெரிஞ்சா போதும்.

டாமரேக். ஊசியிலை மரம்தான், ஆனா குளிர் காலத்துல இலையெல்லாம் கொட்டிடும். ஊசி மெத்துன்னு இருக்கும், குட்டையான கணுவுல 10லேருந்து 20 வரைக்கும் கொத்தா சாமரம் மாதிரி விரிஞ்சிருக்கும், கூம்புக்காய் சுண்டு விரல் நுனி அளவு, மரத்துல செதுக்குன ரோஜா மாதிரி. நிழல் இதுக்கு ஆகவே ஆகாது, வெயில் படுற திறந்த இடத்துல முதல்ல வந்து நிக்கிற மரம் இது. ஜனவரில போய் இலை இல்லாம நிக்கிறதைப் பாத்துட்டு மரம் செத்துப்போச்சுன்னு நினைக்கிறவங்க நிறைய. இந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான ஓஜிப்வே மக்கள் இதுக்கு வச்ச பேரு மஷ்கீக்வாதிக், சதுப்பு மரம்னு அர்த்தம். மஸ்கெக்னு இங்க பீட் காட்டைச் சொல்ற வார்த்தையும் அவங்க மொழிக் குடும்பத்துலேருந்து வந்ததுதான்.

பிளாக் ஸ்ப்ரூஸ். தேங்கின, புளிச்ச தண்ணியோட மரம். ஊசியை விரலுக்கு நடுவுல உருட்டுங்க, நாலு பக்கம் இருக்கிறதால உருளும். இளங்கிளையை லென்ஸ்ல பாத்தா துரு நிறத்துல சின்ன ரோமம் தெரியும், மேட்டுல வளர்ற வைட் ஸ்ப்ரூஸுக்கு அது இருக்காது. உச்சில காய்ங்க கொத்தா வருஷக் கணக்கா தொங்கும், அதனாலதான் தூரத்துலேருந்து பாத்தா மரத்துக்குத் தலைப்பாகை கட்டின மாதிரி இருக்கு. நெருப்பு வந்தா அந்தக் காயெல்லாம் விரிஞ்சு விதை கொட்டும். நெருப்பே வரலைன்னா இன்னொரு வழி வச்சிருக்கு: கீழ்க் கிளையை பாசி மூடிடும், மூடின இடத்துல வேர் விடும், நுனி மேல நிமிர்ந்து புது மரமாகும். ஒரு பெரிய மரத்தைச் சுத்தி வட்டமா சின்னச் சின்ன மரங்க நின்னா அது எல்லாமே அந்தத் தாயோட கிளைதான்.

வைட் சீடர். இலை ஊசியா இருக்காது, செதில் செதிலா தட்டையா விசிறி மாதிரி, கசக்கினா வாசனை தூக்கும். இது நின்னா அடியில நிலத்தடித் தண்ணி நகருதுன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லலாம். ஓஜிப்வே மொழில கீஷிக். அவங்க வாழ்க்கைல புனிதமான மரம், பிர்ச் பட்டைப் படகுக்கு விலா எலும்பு மாதிரி சட்டம் இதுலதான் வளைப்பாங்க, பட்டையைத் தைக்கிறதுக்கு ஸ்ப்ரூஸோட வேர்.

பால்சம் ஃபிர் நாலாவது. ஊசி தட்டை, உருளாது, அடியில ரெண்டு வெள்ளைக் கோடு, பட்டைல பிசின் கொப்புளம். ஓரங்கள்ல, கொஞ்சம் காஞ்ச மேடுகள்ல இருக்கும்.

நான்காவது படி: மேடும் பள்ளமும், ஒரு விழுந்த மரமும்

இங்கதான் ரொம்ப நேரம் செலவு பண்ணச் சொல்லுவேன். ஒரு சீடர் காட்டுல தரை சமமா இருக்கவே இருக்காது. மரத்தோட வேரெல்லாம் தண்ணி மட்டத்துக்கு மேலயே, மேல் ஒரு சாண் பீட்டுக்குள்ளயே பரவி இருக்கும், கீழ போனா மூச்சு முட்டும். அதனால காத்து கொஞ்சம் பலமா அடிச்சா வேர்த்தட்டோட மரம் சாஞ்சுடும், வேர் தூக்கிட்டு வந்த இடத்துல பள்ளம், வேர்த்தட்டு மக்கின இடத்துல மேடு. முழங்கால் உயரம் கூட இல்லாத அந்த மேட்டோட உச்சிக்கும் அடிக்கும் நடுவுல ஒரு முழு மலைச்சரிவு அளவுக்கு வித்தியாசம். உச்சில அமிலம் பிடிச்ச ஸ்பாக்னமும் புதரும், பள்ளத்துல சுண்ணாம்புத் தண்ணியில செட்ஜ் புல்லும் மார்ஷ் மேரிகோல்டும். சின்ன இடத்துல இவ்ளோ வகை இருக்கிறதுக்கு இதுதான் பெரிய காரணம்.

விழுந்து பல வருஷம் ஆன, பாசி மூடின ஒரு சீடர் கட்டையைக் கண்டுபிடிங்க. பக்கத்துல உக்காருங்க (சின்ன பிளாஸ்டிக் ஷீட் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க). பதினஞ்சு நிமிஷம் அதை மட்டும் பாருங்க. சீடர் கட்டை சீக்கிரம் மக்காது, பல பத்து வருஷம் ஈரம் பிடிச்ச ஒரு திண்ணை மாதிரி தண்ணிக்கு மேல கெடக்கும், அந்தத் திண்ணை மேலதான் அடுத்த தலைமுறையே முளைக்குது. முதல்ல பச்சைப் பாசி கண்ணுல படும். அப்புறம் மூணு மூணா பளபளன்னு இலை, அது கோல்டுத்ரெட், பாசியை லேசா விரலால ஒதுக்கினா அடியில தங்க நூல் மாதிரி மஞ்சள் வேர் ஓடுறது தெரியும். நாலு வெள்ளை இதழ் மாதிரி விரிச்சது பன்ச்பெர்ரி, அது இதழே இல்ல, பூவெல்லாம் நடுவுல இருக்கிற கடுகு அளவுப் புள்ளிங்க. அந்தப் புள்ளி ஒண்ணு விரியறதுக்கு அரை மில்லி செகண்ட் கூட ஆகாது, மகரந்தத்தை கவண் கல் மாதிரி எறியும். ரெண்டு ரெண்டா இளஞ்சிவப்பு மணி தொங்குனா லின்னேயா, தாவரத்துக்கெல்லாம் பேரு வச்ச லின்னேயஸுக்கு ரொம்பப் பிடிச்ச பூ, அவர் பேர்லயே இருக்கு. இதுக்கெல்லாம் நடுவுல, தீக்குச்சி உயரத்துல, இறகு மாதிரி ஒண்ணு நிக்கும். அதுதான் புது சீடர். தரையில தேடினா கிடைக்காது, கட்டை மேலதான்.

அப்புறம் ஒரு விஷயம், சீடர் மரங்க வரிசையா கோடு போட்ட மாதிரி நின்னா கீழ தோண்டாம ஊகிக்கலாம், ஒரு பழைய மரம் படுத்திருக்கு, அதோட பக்கக் கிளைங்கதான் நிமிர்ந்து மரமாயிருக்கு.

மேட்டு ஓரத்துப் பாசியை மட்டும் எப்பவும் தூக்கிப் பாக்காதீங்க. நாலு விரல் சாலமாண்டர்னு பல்லி மாதிரி ஒரு சின்ன உயிர் வசந்த காலத்துல தண்ணிக்கு மேல தொங்குற பாசிக்குள்ள முட்டை வச்சு, தாய் பல நாள் பக்கத்துலயே இருக்கும், குஞ்சு பொரிஞ்சதும் நெளிஞ்சு கீழ தண்ணிக்குள்ள விழும். ஒரு கை பாசியைப் பிடுங்கினா ஒரு குடும்பம் போச்சு.

ஐந்தாவது படி: புதரும் பூவும்

புளிச்ச பக்கத்துல புதரெல்லாம் ஒரே மாதிரி தெரியும், இலையைத் திருப்பிப் பாக்கப் பழகிக்கோங்க. அடியில ஆரஞ்சு பழுப்புல கம்பளி மாதிரி இருந்தா லாப்ரடோர் டீ. அடி வெள்ளையா இருந்தா பாக் லாரல் அல்லது பாக் ரோஸ்மேரி, ரெண்டும் விஷம். டீன்னு பேரு இருக்கேன்னு யாரும் இலையைப் பறிச்சுப் போட்டு குடிச்சுடாதீங்க, லாப்ரடோர் டீயே அளவு மீறினா கெடுதல், அதுல லாரல் கலந்துட்டா ஆபத்து. இவ்ளோ செடிங்க ஏன் குளிர்லயும் இலையை உதிர்க்காம தோல் மாதிரி தடிப்பா வச்சிருக்குன்னா, நைட்ரஜன் கிடைக்கிறது அவ்ளோ அரிது, ஒரு தடவை செஞ்ச இலையை சும்மா உதிர்க்க கட்டுப்படியாகாது.

சில செடிங்க அந்த நைட்ரஜனை பூச்சிகிட்டேருந்து எடுத்துக்குது. மரம் கொஞ்சம் விலகி வெளிச்சம் விழுற ஸ்பாக்னம் மெத்தைல பிட்சர் பிளான்ட் தேடுங்க, கருஞ்சிவப்பு நரம்போட குடுவை மாதிரி இலை தரையோட உக்காந்திருக்கும். 17ஆம் நூற்றாண்டு கடைசில கியூபெக்ல இருந்த மிஷேல் சராசான்ங்கிற மருத்துவர் பேர்லதான் இதோட அறிவியல் பேரு சராசீனியா. குனிஞ்சு உள்ள எட்டிப் பாருங்க. வாய் ஓரத்துல ரோமமெல்லாம் கீழ் நோக்கி, இறங்குற எறும்பு ஏற முடியாது. அடியில தேங்குன மழைத் தண்ணில செத்த பூச்சிங்க கெடக்கும், அதுக்கு நடுவுல ஏதாவது நெளிஞ்சா பதறாதீங்க, அது பிட்சர் பிளான்ட் கொசுவோட புழு. இந்தக் குடுவையை விட்டா அதுக்கு வேற வீடு உலகத்துல கிடையாது, குளிர் காலத்துல குடுவைத் தண்ணி கட்டியா உறைஞ்சா அதுக்குள்ளயே உறைஞ்சு கெடந்து வசந்தத்துல மறுபடி நெளியும். வடக்குல இந்தக் கொசு ஆளைக் கடிக்கிறதும் இல்ல. பக்கத்துலயே நகத்தளவுல சிவப்பா பிசுபிசுன்னு சன்ட்யூ இருக்கும், தமிழ்ல அழுகண்ணின்னு சொல்ற வகை.

சுண்ணாம்புத் தண்ணி பக்கம் வந்தா ஆர்க்கிட். ஜூன் பின்பாதியில ஷோவி லேடிஸ் ஸ்லிப்பர், வெள்ளை இதழும் இளஞ்சிவப்புச் செருப்பும். 1902லேருந்து மின்னசோட்டா மாநிலப் பூ, 1925லேருந்து பறிக்கிறது அங்க சட்டப்படி குத்தம். விதை தூசி மாதிரி, உள்ள சாப்பாடே இருக்காது, சரியான பூஞ்சை வந்து சேர்ந்தாத்தான் முளைக்கும், முளைச்சு முதல் பூ விட 16 வருஷம் வரைக்கும் ஆகலாம். இதைத் தோண்டி வீட்டுக்குக் கொண்டு போனா பெரும்பாலும் செத்துப்போகும், அந்தப் பூஞ்சை உங்க தோட்டத்துல இல்ல. தொடவும் வேணாம், தண்டுல இருக்கிற ரோமம் சில பேருக்கு அரிப்பைக் கிளப்பும்.

பறவைக்கு ஒரு வரி: கனடா ஜே, போரியல் சிக்கடி, பிளாக் பேக்டு மரங்கொத்தி, இதுக்காக குளிர் காலத்துல மின்னசோட்டாவோட சாக்ஸ் ஜிம் பாக்குக்கு தூர ஊர்லேருந்தெல்லாம் வருவாங்க, கிரேட் கிரே ஆந்தையும் அங்கதான் தேடுவாங்க. தரை உறைஞ்சு கெடக்கும், கால் போகாது, கொசு இல்ல, ரெண்டாவது தடவை போறதுக்கு நல்ல சீசன்.

ஆறாவது படி: எது குறையுதுன்னு பாருங்க

இது கொஞ்சம் வலிக்கிற படி, ஆனா விடக் கூடாது. சீடர் காட்டுல நின்னு தீக்குச்சி உயரக் கன்னை எண்ணுங்க, நிறைய இருக்கும். பெரிய மரம் எண்ணுங்க, அதுவும் இருக்கும். இப்போ முழங்காலுக்கும் தலைக்கும் நடுவுல இருக்கிற மரத்தை எண்ணுங்க. பல இடத்துல ஒண்ணு கூட இருக்காது. காரணம் மான். பனி காலத்துல சீடர் கூரை பனியைத் தாங்கிக்கிறதால அடியில மானுங்க கூட்டமா ஒதுங்கும், இலையும் அதுக்கு ரொம்பப் பிடிக்கும், வாய்க்கு எட்டுற உயரம் வரைக்கும் எல்லாம் காலி. பெரிய மரத்துலயும் கீழ்க் கிளையெல்லாம் ஒரே மட்டத்துல வெட்டின மாதிரி இருக்கும், அந்தக் கோடு மான் கழுத்தை நீட்டினா எட்டுற உயரம். இந்தப் பெரிய மரங்க விழுந்தா அதுக்குப் பதிலா வர்றதுக்கு ஆள் இல்லைங்கிறதுதான் அதோட அர்த்தம்.

ரோட்டையும் பாருங்க. சதுப்புக்கு நடுவுல ரோடு போட்டா அது ஒரு அணை மாதிரி, அடியில குழாய் போதுமான அளவு வைக்கலைன்னா ஒரு பக்கம் தண்ணி அரை அடி ஏறும், அவ்ளோ போதும், வேர் மூச்சு முட்டி சீடரெல்லாம் சாம்பல் நிறக் குச்சியா நிக்கும், எதிர்ப்பக்கம் பச்சையா இருக்கும். தண்ணி ஏறினாலும் சாவு, வாய்க்கால் வெட்டி இறக்கினாலும் பீட் காஞ்சு மக்கும், நெருப்புப் பிடிச்சா மண்ணுக்கு அடியிலயே மாசக் கணக்கா புகையும். வடக்கு மின்னசோட்டால 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல விவசாயத்துக்குன்னு மைல் கணக்குல வாய்க்கால் வெட்டினாங்க, விவசாயம் வரல, வாய்க்கால் இன்னும் இருக்கு.

டாமரேக்குக்கு ஈஸ்டர்ன் லார்ச் பீட்டில்னு ஒரு வண்டு. இந்த மண்ணோட வண்டுதான், ஆனா 2000க்கு அப்புறம் மின்னசோட்டால அடங்காம பரவிட்டு இருக்கு, வெயில் காலம் நீண்டதால ஒரே வருஷத்துல கூடுதலா ஒரு தலைமுறை தப்பிச்சு வர முடியுது. பட்டைல சின்ன ஓட்டையும் மரத்தூளும், கோடையிலயே மஞ்சளாகிற இலையும் அடையாளம். நம்மால வண்டை நிறுத்த முடியாது, ஆனா கிளாஸி பக்தார்ன் மாதிரி வெளியூர்ப் புதரோட விதையைக் கொண்டு வராம இருக்க முடியும், காருக்குள்ள ஏறதுக்கு முன்னாடியும் அடுத்த சதுப்புல இறங்கறதுக்கு முன்னாடியும் பூட்ஸ் அடியை பிரஷ் போட்டு சுத்தமா தேய்ச்சுடுங்க.

கடைசியா அக்டோபர்ல ஒரு தடவை போங்க

இந்தத் தடவை உள்ள போக வேணாம். முதல் ரெண்டு மூணு வாரத்துக்குள்ள, சதுப்புக்குப் பக்கத்துல ஏதாவது ஒரு மேடு, ரோடு உயர்ந்து போற இடம் பாத்து காரை ஓரம் கட்டிட்டு வெளிய நில்லுங்க. டாமரேக் மட்டும் தங்க நிறமா மாறியிருக்கும், ஸ்ப்ரூஸ் கருப்பாவே நிக்கும், மேட்டு அடிவாரத்தை ஒட்டி சீடர் மஞ்சள் கலந்த பச்சையா ஒரு பட்டை ஓடும். அந்தப் பச்சை ஓடுற வழியில ஊத்து இருக்கு, கருப்பா இருக்கிற நடுவுல மழைத் தண்ணி தேங்கியிருக்கு, தங்கம் இருக்கிற இடத்துல வெயில் விழுது. முதல் தடவை பிஹெச் பட்டை நனைச்ச ரெண்டு இடமும் எங்கன்னு அங்கேருந்தே விரலால காட்டிடுவீங்க.